இந்த எண் யாருடையது? உளவியல் மாணவருக்குப் புள்ளியியலும் ஆர் மென்பொருளும்

மனித மனத்தைப் படிக்கலாம் என்று ஆசையோடு உளவியல் வகுப்பில் சேருகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் புள்ளியியல் இருக்கிறது. போதாக்குறைக்கு அதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிக்கவும் விடுவதில்லை. ஆர் என்ற மென்பொருளைத் திறந்து, வெற்றுத் திரையில் கட்டளை எழுதச் சொல்கிறார்கள். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தவர், கணக்கோடு புரோகிராமிங்கும் சேர்ந்து துரத்துவதைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்.

என் கணிப்பில் மென்பொருள் பயம் சில வாரங்களில் கரைந்துவிடும். காற்புள்ளியை எங்கே போடுவது, அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்பதெல்லாம் கை தானாகப் பழகிக்கொள்ளும். பல பேருக்குப் பட்டம் வாங்கும்வரை கூடவே வரும் சிக்கல் வேறு. கையிலிருக்கும் எண்கள் எப்படி வந்தன, எந்த எண் யாருடையது என்று யோசிக்காமலே கட்டளையைத் தட்டிவிடுவதுதான் அது. மென்பொருளும் அதைக் கேட்காது. தப்பான கேள்விக்கும் மூன்று தசம இடம்வரை துல்லியமாகப் பதில் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும்.

வெறும் 20 எண்களை வைத்துக்கொண்டு இதைக் காட்டிவிடலாம். அதற்கு முன் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் எஸ் என்றொரு மொழி பிறந்தது. அதன் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் ஆர் மொழியை எழுதினார்கள். இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஆர். முழுப் பதிப்பாக 1.0.0 வெளிவந்தது 2000-இல், பிப்ரவரி 29 அன்று. இது இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆர்ஸ்டூடியோ என்று இன்னொன்றையும் நிறுவச் சொல்வார்கள். அது வேறு மொழி என்று சிலர் குழம்புகிறார்கள். கணக்குப் போடுவது ஆர். அதை வைத்து வசதியாக வேலை செய்வதற்கான மேசைதான் ஆர்ஸ்டூடியோ. முதலில் ஆர், அப்புறம் ஆர்ஸ்டூடியோ என்ற வரிசையில் நிறுவினால் போதும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் 1968 முதலே சமூக அறிவியல் துறைகளில் புழங்குகிறது. அதில் பட்டியலைத் திறந்து சொடுக்கினாலே விடை வந்துவிடும். அப்படியிருக்க எதற்குத் தட்டச்சு? சொடுக்கியது மறந்துவிடும், எழுதியது நிற்கும் என்பதுதான் காரணம். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், எக்செல் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளைச் சேர்க்காமல் விட்டிருந்தது. அது வெளியே தெரிந்தது 2013-இல், தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கோப்பையே கேட்டு வாங்கித் துழாவியபோதுதான். எழுதிவைத்த கட்டளைக் கோப்பு இருந்தால் யாரும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து நாமே படித்துப் பார்க்கலாம், அது அதைவிட முக்கியம். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கம் வேண்டும்: கட்டளையைக் கீழேயுள்ள கன்சோலில் நேராகத் தட்டாமல், ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி அங்கிருந்து ஓட்டுங்கள். பவுண்டு குறி (#) போட்டு, ஏன் இதைச் செய்தோம் என்று ஒரு வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவையுங்கள். அந்தக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் இருப்பதை ஆர் படிக்காது.

இருபது எண்கள்

ஆர் மென்பொருளுக்குள்ளேயே பயிற்சிக்கென்று சில தரவுத் தொகுப்புகள் உண்டு. கோப்பைத் தேடி ஏற்றும் தொல்லை இல்லாததால் தொடக்கத்துக்கு இவையே நல்லவை. அதில் ஒன்றின் பெயர் ஸ்லீப். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். ஸ்லீப் என்று எழுதி ஓட்டினால் 20 வரிசைகளும் மூன்று நெடுவரிசைகளும் திரையில் விரியும்.

இது பழைய தரவு. கஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-இல் வெளியிட்டது. பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகள் கொடுத்து, வழக்கத்தைவிட எத்தனை மணிநேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்த எண்கள். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், சொந்தப் பெயரில் எழுத முடியாததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை எடைபோட இன்று டி சோதனை என்று நாம் படிப்பது அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகப் போட்டது இதே தூக்கக் கணக்கு. பீர் ஆலைக்காரர் கண்டுபிடித்ததை உளவியல் மாணவர் படிப்பது வேடிக்கைதான். ஆனால் அவர் சிக்கலும் நம் சிக்கலும் ஒன்று: கையில் இருப்பது சிறு மாதிரி, சொல்ல வேண்டியதோ அதற்கு வெளியே இருக்கும் பெருங்கூட்டத்தைப் பற்றி.

மூன்று நெடுவரிசைகளில் எக்ஸ்ட்ரா என்பது கூடுதல் தூக்கம், மணிநேரத்தில். குரூப் என்பது எந்த மருந்து, 1 அல்லது 2. ஐ.டி. என்பது நோயாளியின் வரிசை எண், 1 முதல் 10 வரை. மூன்றும் பார்வைக்கு எண்கள்தான். ஆனால் ஒன்று மட்டும்தான் அளவு. மற்ற இரண்டும் எண் வேடம் போட்ட பெயர்கள். நோயாளி 8 என்பவர் நோயாளி 4-ஐப் போல இரு மடங்கு நோயாளி ஆகிவிட மாட்டார்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். உளவியலில் இதுதான் அன்றாடச் சண்டை. எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இல் அளவீடுகளை நான்கு வகையாகப் பிரித்தார்: வெறும் பெயர், வரிசை, சம இடைவெளி உள்ளது, உண்மையான பூச்சியம் உள்ளது. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதற்கு 5, 'உடன்படுகிறேன்' என்பதற்கு 4 என்று கேள்வித்தாளில் எண் கொடுக்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரமும் 3-க்கும் 2-க்கும் நடுவிலுள்ள தூரமும் சமமா? இதைப் பற்றி இன்றும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பெயரா அளவா என்ற கேள்வியில் மட்டும் ஆர் நமக்குக் கொஞ்சம் உதவும். ஒரு நெடுவரிசை பெயர்தான், அளவில்லை என்று சொல்லிவைக்க ஃபேக்டர் என்ற வகை உண்டு. ஸ்லீப் தரவில் குரூப்பும் ஐ.டி.யும் ஏற்கெனவே ஃபேக்டர்கள். அவற்றின் சராசரியைக் கேட்டால் ஆர் எச்சரித்துவிட்டு மறுத்துவிடும். நீங்களே ஏற்றும் கோப்பில் ஆண் 1, பெண் 2 என்று போட்டிருந்தால் இந்தக் காவல் கிடையாது. சராசரிப் பாலினம் 1.5 என்று வாய்கூசாமல் சொல்லும்.

சரி, சராசரிக்கு வருவோம். கட்டளையின் பெயர் மீன். (தமிழ் காதுக்குக் கடலும் வானமும் நினைவுக்கு வரும், நல்லதுதான், மறக்காது.) ஸ்லீப்$எக்ஸ்ட்ரா என்று எழுதினால் ஸ்லீப் தொகுப்புக்குள் இருக்கும் எக்ஸ்ட்ரா நெடுவரிசை என்று பொருள். முதல் பத்து எண்கள் முதல் மருந்து, அடுத்த பத்து இரண்டாவது. ஆகவே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்துக்கொள்ளலாம்:

ஏ <- ஸ்லீப்$எக்ஸ்ட்ரா[1:10]
பி <- ஸ்லீப்$எக்ஸ்ட்ரா[11:20]

இடப்பக்கம் பார்க்கும் அம்பு, வலப்பக்கம் இருப்பதை எடுத்து இடப்பக்கப் பெயருக்குள் வைக்கிறது. மீன்(ஏ) என்றால் 0.75 வரும், மீன்(பி) என்றால் 2.33. அதாவது முதல் மருந்தில் சராசரியாக முக்கால் மணிநேரம் கூடுதல், இரண்டாவதில் இரண்டே கால் மணிக்கும் மேல்.

இங்கே நின்று ஏ-யிலுள்ள பத்து எண்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். 0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0. பத்தில் நான்கு பேர் மருந்து சாப்பிட்டு வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் மூன்று மணிநேரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூங்கியிருக்கிறார்கள். முக்கால் மணி கூடுதல் என்ற சராசரிக்குப் பொருந்தி வருகிறவர்கள் என்று பார்த்தால் 0.7 காரரும் 0.8 காரரும்தான். சராசரி பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதை திட்ட விலக்கத்தில் இருக்கிறது: சராசரியிலிருந்து எண்கள் ஏறத்தாழ எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது. எஸ்.டி.(ஏ) என்று கேட்டால் (தட்டும்போது புள்ளி வேண்டாம்) 1.79 என்கிறது. சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல். 'இந்த மருந்து முக்கால் மணி தூக்கம் தரும்' என்று ஒருவரிடம் சொல்லும் முன் யோசிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே படம் வரைந்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவார்கள். கேளுங்கள். ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். நான்கிலும் சராசரி ஒன்றே, ஒட்டுறவுக் கெழுவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) ஒன்றே, 0.82. படம் வரைந்தால் ஒன்று சுமாரான நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் தடம் மாறியவை. அந்தத் தொகுப்பும் ஆன்ஸ்கோம் என்ற பெயரில் ஆர் மென்பொருளுக்குள் இருக்கிறது. வரைவதற்கான கட்டளை பிளாட்.

இரண்டு விடைகள்

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் உண்டா? சராசரிகளுக்கு நடுவே 1.58 மணிநேர வேறுபாடு கண்முன் தெரிகிறது. அது மருந்தால் வந்ததா, இந்தப் பத்துப் பேர் அமைந்த விதத்தால் வந்ததா?

புதிதாகப் படிக்கிறவர் பெரும்பாலும் எழுதுவது இது:

டி.டெஸ்ட்(எக்ஸ்ட்ரா ~ குரூப், டேட்டா = ஸ்லீப்)

நடுவில் வரும் அலைக்குறியைப் 'பொறுத்து' என்று படியுங்கள். குரூப்பைப் பொறுத்து எக்ஸ்ட்ரா எப்படி மாறுகிறது என்பது கேள்வி. ஆர் விடை தருகிறது: பி மதிப்பு 0.079. (இந்த பி ஆங்கில p, மேலே பெயர் வைத்த பி இல்லை. இதன் பொருளைப் பின்னால் பார்ப்போம்.) வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால்தான் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்பார்கள். ஆக, வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

இப்போது இதை ஓட்டுங்கள்:

டி.டெஸ்ட்(ஏ, பி, பேர்டு = ட்ரூ)

கடைசியில் வரும் ட்ரூ மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. அதே 20 எண்கள். பி மதிப்பு 0.0028. முதலில் வந்ததில் ஏறக்குறைய இருபத்தெட்டில் ஒரு பங்கு.

எது சரி? எண்களைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த எண் யாருடையது என்று கேட்டால்தான் முடியும். (ஆர் என்றால் பழந்தமிழில் யார் என்றும் பொருள். மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் பொருத்தமான பெயர்.) முதல் கட்டளை, 20 வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் இருப்பது பத்துப் பேர். ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஸ்லீப் தரவுக்கான உதவிப் பக்கமே, குரூப் என்ற பெயர் ஆளை ஏமாற்றக்கூடும், இவை பத்துப் பேரின் அளவீடுகள், இரண்டு குழுக்கள் இல்லை என்று எச்சரிக்கிறது. கேள்விக்குறியை முன்னால் போட்டு ?ஸ்லீப் என்று ஓட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். யார் திறக்கிறார்கள்?

ஒரே ஆள் இரண்டு முறை அளக்கப்பட்டால் என்ன லாபம் என்று பாருங்கள். இயல்பிலேயே சிலருக்கு எந்த மருந்தும் நன்றாக வேலை செய்யும், சிலருக்கு எதுவும் அவ்வளவாகச் செய்யாது. ஆளுக்கு ஆள் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு, மருந்துக்கு மருந்து உள்ள வேறுபாட்டை மூடி மறைக்கிறது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டால் அந்தத் திரை விலகுகிறது. பி - ஏ என்று எழுதி ஓட்டுங்கள். ஆர் பத்துக் கழித்தலையும் ஒரே மூச்சில் செய்யும்:

1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

ஒருவர்கூட எதிர்மறை இல்லை. ஒருவருக்கு வித்தியாசமில்லை, மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாவது மருந்தில்தான் தூக்கம் அதிகம். முதல் கணக்கில் 1.58 என்ற வேறுபாட்டின் தள்ளாட்டம், அதாவது திட்டப் பிழை, 0.85. இப்போது அது 0.389. டி என்பது வேறுபாட்டை அந்தத் தள்ளாட்டத்தால் வகுத்தது, அவ்வளவுதான். 1.58-ஐ 0.389-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.06. திரையில் -4.06 என்று வந்தால் பதறாதீர்கள், ஆர் ஏ-யிலிருந்து பி-யைக் கழித்திருக்கிறது.

பி மதிப்பை இங்கேயே புரிந்துகொள்ளலாம், சூத்திரம் வேண்டாம். இரண்டு மருந்துக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்படியானால் ஒருவருக்கு எந்த மருந்தில் அதிகத் தூக்கம் என்பது காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. வித்தியாசம் காட்டிய ஒன்பது பேருக்கும் ஒன்பது சுண்டல். ஒன்பதிலும் தலையே விழ எவ்வளவு வாய்ப்பு? 512-இல் ஒன்று. ஒன்பதிலும் பூவே விழுந்திருந்தாலும் நாம் இதேபோல வியந்திருப்போம், ஆகவே அதையும் சேர்த்தால் 512-இல் இரண்டு: 0.0039. டி சோதனை சொன்ன 0.0028-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், வெறும் காசை வைத்து. வித்தியாசமே இல்லாத ஓர் உலகில் இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. 'மருந்து வேலை செய்ய 99.7 விழுக்காடு வாய்ப்பு' என்று இதைப் படித்துவிடக் கூடாது. அந்தப் பிழையைத் தேர்வுத்தாளில் மட்டும் இல்லை, அச்சான கட்டுரைகளிலும் பார்க்கலாம்.

உளவியல் துறைக்கே இதில் சூடுபட்ட அனுபவம் உண்டு. 2015-இல் ஒரு பெரிய ஆய்வுக் கூட்டமைப்பு, வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருந்தன. மறுமுறை செய்தபோது 36 விழுக்காடுதான் காட்டின. எல்லாரும் பித்தலாட்டம் செய்தார்கள் என்று பொருளில்லை. சிறிய மாதிரி, பிடித்த விடை வரும்வரை சோதனையை மாற்றி மாற்றி ஓட்டுவது, வந்ததை மட்டும் வெளியிடுவது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. மேலே 0.079, 0.0028 என்று இரண்டு விடை பார்த்தோமே, 'சிறியதாக இருப்பதால் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் விடை சரியாக இருந்தாலும் வழி தவறு.

சிவப்பு எழுத்துகள்

நடைமுறைத் தொல்லைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆர் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும். மீன் கட்டளையின் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டால் அப்படியொரு கட்டளையே இல்லை என்னும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்து ஒட்டிக்கொண்டு பிழை வரும். நேர்க்குறியாக மாற்றித் தட்டுங்கள். விடைக்குப் பதில் வெறும் + குறி வந்து நின்றால் எங்கோ அடைப்புக்குறி மூடவில்லை. எஸ்கேப் விசையை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பேக்கேஜை (ஆருக்குக் கூடுதல் கட்டளைகள் தரும் தொகுப்பு) நிறுவுவது ஒருமுறை போதும், ஆனால் லைப்ரரி கட்டளையால் அழைப்பது ஆரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டும். சிவப்பில் வருவதெல்லாம் பிழையுமில்லை. சில வெறும் தகவல்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். உங்கள் தரவில் ஒரே ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தாலும், சராசரி கேட்டால் என்.ஏ. என்று மட்டும் வரும். எரிச்சலாக இருக்கும். விடுபட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று சொல்ல என்.ஏ.ஆர்.எம். = ட்ரூ என்று சேர்த்தால் எண் வந்துவிடும் (நடுவில் ஒரே ஒரு புள்ளிதான், என்.ஏ.-க்கு அப்புறம்). ஆனால் சேர்க்கும் முன் அந்த ஆள் ஏன் பதில் எழுதவில்லை என்று பாருங்கள். மனச்சோர்வு பற்றிய கேள்வித்தாளில், மிகச் சோர்ந்திருந்தவர்களே பாதியில் நிறுத்தியிருக்கக்கூடும். மென்பொருள் நம்மைத் திருப்பிக் கேட்கும் அரிய இடம் இது.

வீட்டுவேலையாக ஒன்று செய்து பாருங்கள். ஸ்லீப் தரவில் ஒன்பதாவது நோயாளியின் 4.6 தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவரை நீக்கினால் மருந்தின் மதிப்புக் குறையும் என்று தோன்றும் இல்லையா? ஏ[-9], பி[-9] என்று எழுதினால் ஒன்பதாவது எண் விலகிவிடும். சராசரி வேறுபாடு நீங்கள் நினைத்தபடியே 1.58-இலிருந்து 1.24-ஆகக் குறையும். டி மதிப்பு மட்டும் 4.06-இலிருந்து 5.66-ஆக ஏறும், பி மதிப்பு இன்னும் சிறிதாகும். அவர் சராசரியை மேலே இழுத்ததைவிட அதிகமாகத் தள்ளாட்டத்தைப் பெருக்கியிருந்தார். வேறுபாடுகளின் திட்ட விலக்கம் அவரோடு 1.23, அவர் இல்லாமல் 0.66. நீக்கலாமா கூடாதா என்பதை அந்த மருத்துவமனையில் அந்த இரவுகளில் அவருக்கு என்ன நடந்தது என்பது தெரிந்தவர்தான் சொல்ல முடியும். ஸ்கிரிப்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பவுண்டு குறி போட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று எழுத முயன்று பாருங்கள்.